பூக் கேட்டு எடுத்த மென்பொருள்

எங்கள் கம்பெனி மோட்டார் பம்ப் செய்கிறது. எந்த ஊரில் எந்த மோட்டாரின் கம்பிச்சுருள் கருகுகிறது, எந்த டீலரிடம் சரக்கு தேங்குகிறது என்ற தகவல்களையெல்லாம் திரட்டி, சுத்தம் செய்து, முதலாளி பார்க்கிற மாதிரி கொடுப்பது என் வேலை. அதற்கு ஒரு கிளவுட் பிளாட்பார்ம் வேண்டும். அதாவது, எங்கோ இருக்கிற பெரிய கம்பெனியின் கணினிகளில் வாடகைக்கு இடமும் கருவிகளும். முதல் தடவை நான் கைகாட்டியதைத்தான் வாங்கினோம். எல்லாவற்றையும் அதில் எழுதி முடித்து மூச்சுவிடுவதற்குள், விற்ற கம்பெனிக்காரர்கள் இந்தக் கருவியை இனி வளர்க்கப் போவதில்லை, எங்கள் புதியதற்கு மாறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சொன்ன தோரணையைப் பார்த்தால் எங்களுக்கு ஏதோ பரிசு விழுந்தது போலிருந்தது.

முதலாளி கத்தவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா டிபார்ட்மென்ட்டையே மூடிப்போடலாமுங்க அம்மணி" என்றார். என்னை நம்பி வந்து சேர்ந்த இரண்டு பெண்கள் அந்த டிபார்ட்மென்ட்டில் இருக்கிறார்கள்.

பழைய கம்பெனியின் புதியதா, இல்லை போட்டிக் கம்பெனிக்கே போய்விடுவதா? இரண்டு தரப்பு ஆட்களும் வந்து படம் போட்டுக் காட்டினார்கள். போன வருடம் ஒரு கருவியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பழைய கம்பெனிக்காரர், இந்த வருடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் ஏஐ என்றார்கள். காலையில் ஒன்று சரியென்று படும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றது. எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை. "ஏனுங்க, எதுன்னு சொல்லுங்க" என்று முதலாளி கேட்டபோது, தெரியவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அப்பப் பூக் கேட்டுப்போடலாமுங்க."

நிலம் வாங்குவதானாலும் சம்பந்தம் பேசுவதானாலும் அவர் குடும்பம் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் செய்யாது. பவானி தாண்டி இருக்கிற கோயிலுக்கு அவரும் அவர் மனைவியும் நானும் போனோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் பழைய கம்பெனியின் புதியது, சிவப்பு வந்தால் மற்றது. பூசாரி இரண்டையும் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. படித்த படிப்புக்கு நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி தப்பாகப் போனாலும் என் தப்பில்லை.

முதலாளி அங்கேயே நின்று ஆபீசுக்குப் போன் போட்டார். "சாமி சொல்லிப்போட்டாருங்க. அக்ரிமென்ட்ட ரெடி பண்ணுங்க."

திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தினோம். தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே செல்போனைப் பார்த்தால், பழைய கம்பெனியிடமிருந்து மெயில். அந்தப் புதியதையும் நிறுத்துகிறார்களாம். அதற்குப் பதிலாக இரண்டு வருகின்றன, உங்களுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். வந்த ஆத்திரத்தில் போனை ரோட்டில் எறிந்திருப்பேன். எறியாமல், மெயிலை அவர்களுக்குப் படித்துச் சொன்னேன்.

முதலாளி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப வெள்ளைன்னா இதுல எதுங்க?"

"திரும்பிப் போயி இன்னொருக்கா கேக்கலாமுங்களா?" என் வாயில் இருந்துதான் வந்தது.

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான் கண்ணு கேக்கோணும்" என்றார் அவர் மனைவி.

"கம்பெனிய சாமி சொல்லிப்போட்டாரு. மிச்சத்த நீங்கதானுங்க சொல்லோணும்" என்றார் முதலாளி.

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். மெயிலை மறுபடி பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே மாதிரி வர்ணனை, இரண்டிலும் ஏஐ.

"ரெண்டாவதுங்க" என்றேன். ஏன் இரண்டாவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் யோசிக்கவே இல்லை. ஆபீசுக்குப் போன் போட்டு, கோயில் வாசலில் பேசிய அதே குரலில், "அம்மணி சொல்லிப்போட்டாங்க" என்றார்.