அப்தோன் அலறிய ஞாயிற்றுக்கிழமை

அப்தோன் செலி பதினேழு வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். முப்பது வருடம் அவர் செய்தது ஒரே வேலைதான். யூக்கலிப்டஸ் கட்டைகளை அளந்து வெட்டி, சுரங்கத்தின் கூரைக்கு முட்டுக் கொடுப்பார். கோடரியின் பின்பக்கத்தால் மேலே தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், "இங்க நிக்கலாம்" என்பார். அல்லது "இங்க வேணாம்" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம். அவர் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் நின்றவர் யாரும் எங்கள் சுரங்கத்தில் இல்லை.

நான் ரூபியேல். அவரோடு ஒன்பது வருடம் வேலை செய்தேன். அவரைப் பற்றி ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

ஒரு பிப்ரவரி மாதம் விடாமல் மழை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும், எங்களுக்குப் பின்னால் கூரை இறங்கியது. அப்தோன் முட்டுக் கொடுத்த இடம் இல்லை அது. இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ கைவிட்ட பழைய பாதை. வெளியே போகும் வழி அடைந்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டது மூன்று பேர்: அப்தோன், நான், எடில்சன். எடில்சனின் இடுப்பின் மேல் ஒரு கல் விழுந்திருந்தது. நானும் அப்தோனும் சேர்ந்து அதைப் புரட்டித் தள்ளினோம். ஆனால் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை.

பாதை அவ்வளவு குறுகல். ஒருவர் பின் ஒருவராகத்தான் படுக்க முடியும். ஒரு முனையில் எடில்சன், நடுவில் அப்தோன், இந்தப் பக்கம் நான். எங்களிடம் இருந்தது ஒன்றரை பாட்டில் தண்ணீர். அப்தோன் அதைத் தன் வசம் வாங்கிக்கொண்டார். பாட்டில் மூடியால் அளந்து, இருட்டில் தடவித் தடவி, ஒருவர் வாயில் ஒரு மூடி என்று ஊற்றினார்.

முதல் இரண்டு நாளும் எங்களை உயிரோடு வைத்திருந்தது எடில்சனின் வாய்தான். ராணுவத்தில் இருந்தபோது அவர் தலைநகர் பொகோட்டாவில் ஒன்றரை வருடம் காவல் நின்றவர். அந்தப் பேச்சைத்தான் பேசினார்.

"வெளிய போனதும் மூணு பேரும் பொகோட்டா போறோம். எழுதி வெச்சுக்கோங்க. மொதல்ல அஹியாக்கோ சூப்பு. ஒரு தட்டு இல்ல, ரெண்டு. சோளக்கதிர கையில எடுத்துக் கடிக்கணும், கரண்டியால சுரண்டக் கூடாது. அப்புறம் ராட்டினப் பூங்கா. அங்க ஒரு ரயிலு இருக்கு, ஆள அப்படியே தலைகீழா கவுத்துடும்."

"நான் ஏற மாட்டேன்" என்றார் அப்தோன்.

"ஏன், பயமா?"

"தலைகீழா தொங்குறதுக்கு எதுக்குக் காசு குடுக்கணும்?"

"ஐயா, இங்க மலையே தலை மேல கெடக்கு. அந்த ரயிலு உங்கள என்ன பண்ணிடப் போவுது?"

அந்த இருட்டிலும் நான் சிரித்தேன். அப்தோனும் சிரித்தார் என்று நினைக்கிறேன், அவருடைய தோள் என் காலில் பட்டுக் குலுங்கியது.

மூன்றாம் நாள் எடில்சன் பேசவில்லை. நான் கூப்பிட்டுப் பார்த்தேன். "விடுங்க ரூபியேல், முடிஞ்சிருச்சு" என்றார் அப்தோன். அதன் பிறகு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலை மீட்புக் குழு துளை போட்டு எங்களை எட்டியது.

வெளியே வந்த பிறகு நான் ஆறு மாதத்தில் வேறு சுரங்கத்துக்குப் போய்விட்டேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. அப்தோன் உள்ளே இறங்கவில்லை. சுரங்க வாசலில் நிலக்கரி வண்டி இழுக்கும் இயந்திரத்தை இயக்கும் வேலையைக் கொடுத்தார்கள். வீட்டில் கதவைத் திறந்து போட்டு, விளக்கை எரியவிட்டுத்தான் தூங்குவார் என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னாள். மாதா கோவிலுக்குப் போனாலும் வாசல்படி தாண்ட மாட்டார், மழை பெய்தாலும் வெளியே நிற்பார்.

எடில்சனின் மனைவி பெயர் மிரெயா. சுரங்கத் தொழிலாளிகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பவள். அழுகை அவளுக்கு ஒத்து வராது. கணவனின் வருட நினைவுப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, உள்ளே அவர் பொகோட்டா பற்றிப் பேசியதை நான் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, கோவில் வாசலில் நின்ற அப்தோனிடம் போனாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் உங்கள பொகோட்டாவுக்குக் கூப்பிட்டாராமே."

"ஆமா."

"நீங்க போனீங்களா?"

"இல்ல மிரெயா. எப்படிப் போறது?"

"பஸ்ஸுலதான். வர்ற மாசம் போறோம். அவருக்குப் பதிலா நான் வர்றேன். அந்த ஊர நான் பாத்ததே இல்ல. கல்யாணமான நாள்லருந்து கூட்டிட்டுப் போறேன் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன மனுசன், உங்ககிட்ட போயி சொல்லிருக்காரு பாருங்க."

அப்தோன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றினார். மறுக்கத் தெரியவில்லை அவருக்கு.

ஒரு சனிக்கிழமை காலை மூவரும் கிளம்பினோம். எங்கள் பக்கம் மாட்டைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவோம். பொகோட்டாவில் இறங்கியதும் டாக்சிக்காரன் மிரெயாவைப் பார்த்து "எங்கம்மா போகணும், சீக்கிரம் சொல்லு" என்றான். "தம்பிக்கு வீட்டுல யாரும் சொல்லிக் குடுக்கலையா?" என்றாள் அவள். அவன் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. விடுதியில் மூன்றாம் மாடியில்தான் அறை கிடைத்தது. அப்தோன் லிஃப்டைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார். மிரெயா பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் ஏற ஆரம்பித்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

சாப்பிடப் போனது சந்தைக்குள் இருந்த ஒரு கடை. வாசலை ஒட்டிய மேசை வேண்டும் என்று நான் கேட்டு வாங்கினேன். மண்சட்டியில் ஆவி பறக்க வந்தது அஹியாக்கோ. உருளைக்கிழங்கு கரைந்து மஞ்சளாகிக் கிடந்த குழம்பில் கோழி, சோளக்கதிர், மேலே பாலாடை. எடில்சன் சொன்னது போலவே நான் கதிரைக் கையில் எடுத்துக் கடித்தேன். மிரெயா ஒரு வாய் குடித்துவிட்டு சப்புக் கொட்டிப் பார்த்தாள்.

"குவாஸ்கா இலை கம்மி. இதுக்கா அந்த மனுசன் ஏங்கினாரு? நான் வைக்கிறது இதவிட நல்லா இருக்கும்."

"அத அவரே சொன்னாரு" என்றேன்.

"என்ன சொன்னாரு?"

"மிரெயா கை மாதிரி வராது, ஆனா பசிக்கு நல்லா இருக்கும்னாரு."

அவள் எழுந்து கை கழுவப் போனாள். திரும்பி வர வெகு நேரமானது. அப்தோன் தன் சட்டியில் பாதிகூடச் சாப்பிடவில்லை. நான் அதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. பூங்கா முழுக்கக் குடும்பங்கள், பலூன், பொரித்த வாழைக்காய் வாசனை. அந்த ரயில் தூரத்திலிருந்தே தெரிந்தது. மிரெயா மூன்று சீட்டு வாங்கிவிட்டாள்.

"நான் கீழ நிக்கிறேன். பையெல்லாம் பாத்துக்கிறேன்" என்றார் அப்தோன்.

"பை எங்கயும் ஓடிடாது அண்ணே. வாங்க. இது கூரை இல்லாத வண்டி, பாருங்க, நாலு பக்கமும் வானம்."

அவர் மேலே நிமிர்ந்து பார்த்தார். பிறகு வரிசையில் வந்து நின்றார். முன் இருக்கையில் மிரெயாவும் அப்தோனும், பின்னால் நான். இரும்புப் பட்டை மார்பின் மேல் இறங்கிப் பூட்டிக்கொண்டதும் அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவருக்குக் காதில் விழவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

மெதுவாக ஏறியது. நகரத்துக்குப் பின்னால் மலை, மலையுச்சியில் வெள்ளையாகக் கோவில். உச்சியில் ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் விழுந்தோம்.

எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். ஆனால் அப்தோனின் குரல் வேறு. அது வேடிக்கைக்குக் கத்துகிறவனின் சத்தம் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, வண்டி தலைகீழாகச் சுற்றி நிமிர்ந்து, அடுத்த வளைவுக்குப் போகும்வரை நீண்டுகொண்டே போனது. சுரங்கத்துக்குள் நான்கு நாளும் நாங்கள் யாரும் கத்தவில்லை. காற்று தீர்ந்துவிடும் என்று அவர்தான் கத்த விடவில்லை. அவரும் கத்தவில்லை.

வண்டி நின்றது. பட்டை திறந்தும் அவர் எழவில்லை. நானும் மிரெயாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இறக்கினோம். ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்து வெல்லத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்காமல் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிரெயா," என்றார், "அவர் வியாழக்கிழமை சாகல."

"என்ன?"

"வியாழக்கிழமை காலைல இவர்கிட்ட முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன். அப்பவும் அவர் சாகல. வெள்ளிக்கிழமை விடியற வரைக்கும் மூச்சு இருந்துது."

எனக்கு என்ன சொல்கிறார் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

"தண்ணி ஊத்தினா உள்ள போகல. கடவாய் வழியா வழிஞ்சுது. வழிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். கொஞ்சம் உள்ள போச்சோ என்னவோ, இருட்டுல தெரியல. பாட்டில்ல கொஞ்சம்தான் இருந்துது. அதுக்கப்புறம் அவருக்கு நான் ஊத்தல. ரூபியேலுக்கு ஊத்தினேன். உசுரோட இருக்கார்னு சொன்னா இவர் குடிக்க மாட்டார், அதான் பொய் சொன்னேன்."

"எத்தன மூடி?" என்று கேட்டாள் மிரெயா.

"ஆறு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க குடிச்சீங்க."

"குடிச்சேன்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"நீங்க குடிச்சீங்களா?" என்று அப்தோனைக் கேட்டாள்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தக் கடைசி நாள் அப்தோன் குடித்தாரா என்று நானும் அதுவரை யோசித்ததில்லை. எங்களை வெளியே கொண்டுவந்தபோது நான் பேசினேன். அவரால் நாக்கை அசைக்க முடியவில்லை, மருத்துவமனையில் எனக்கு இரண்டு நாள், அவருக்குப் பதினோரு நாள். இப்போதுதான் அது உறைத்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அப்தோன் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். நான் நிறுத்திக்கொண்டேன்.

மிரெயா எழுந்து போய்விட்டாள். கூட்டத்தில் எங்கே போனாள் என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். ஊர் திரும்பும் வழியில் ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த ஒற்றை இருக்கையில் போய் உட்கார்ந்தாள். இறங்கும்போது எனக்கு மட்டும் தலையசைத்தாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் அப்தோனோடு பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் கடந்து போவாள். அவர் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்துவிட்டு நடப்பார். ஊர் கேட்டது, என்ன ஆச்சு என்று. இரண்டு பேருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் கோபமும் இருந்தது, நன்றியும் இருந்தது. பொய் சொல்லி என்னைக் குடிக்க வைத்தாரே என்ற கோபம் ஒரு நாள் வரும். என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாது.

அப்தோன் சுரங்க வேலையை அடியோடு விட்டார். குன்றுச்சரிவில் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போட்டார். வானத்தின் கீழே வேலை. அதில் அவர் கெட்டிக்காரர் இல்லை, முதல் விளைச்சலில் பாதி அழுகிப்போனது. இரண்டாவது விளைச்சலைக் கிண்ட ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உதவிக்குப் போனேன்.

அப்படி ஒரு ஞாயிறு காலை மிரெயா வரப்பில் ஏறி வந்தாள். கையில் இரண்டு காலிச் சாக்கு.

"கெழங்கு வேணும். நல்லதாப் பாத்துப் போடுங்க" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

அப்தோன் மண்ணில் மண்டியிட்டுக் கிழங்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்துச் சாக்கில் போட்டார். ஒரு சாக்கு நிரம்பியதும் அவள் கேட்டாள்:

"அந்த ராத்திரி முழுக்க அவர் தனியாவா கெடந்தாரு?"

"இல்ல. என் கைய அவர் நெஞ்சு மேல வெச்சிருந்தேன்."

"விடியற வரைக்குமா?"

"மூச்சு நின்ன பொறவும் எடுக்கல. மேல இருந்து அவங்க தொளை போட்டு வர்ற வரைக்கும்."

அவள் அவர் கையைப் பார்த்தாள். மண் அப்பிய, நகம் உடைந்த கை. வெகு நேரம் பார்த்தாள். அப்புறம் அவரெதிரே உட்கார்ந்து, இரண்டாவது சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள். அவர் போட்டார், அவள் பிடித்தாள். நான் அடுத்த சாலுக்கு நகர்ந்து போனேன்.

இப்போது அவளுடைய சமையலுக்குக் கிழங்கு அப்தோனிடமிருந்துதான் போகிறது. கிழங்கு சின்னது, ஈரம், அழுகல் என்று அவள் குறை சொல்லாத வாரம் இல்லை. அவர் எல்லாவற்றுக்கும் "சரி மிரெயா, அடுத்த தடவ பாத்துக்கிறேன்" என்கிறார்.