ஒரு நாற்காலிக்காக எடுத்த சந்தா

என் தம்பியின் மூத்த மகளுக்கு நிற்பதுதான் உத்தியோகம். மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டும் மேசை அவளுடையது. மாத்திரை அட்டைகளை அடுக்கி, பெட்டியின் வாயை டேப் போட்டு ஒட்டித் தள்ளிவிட்டால் அடுத்த பெட்டி வந்து நிற்கும். இவளும் நிற்பாள். சின்ன வயதில் ஓரிடத்தில் உட்காராமல் தத்திக்கொண்டே இருந்ததால் சிட்டு என்று கூப்பிட்டோம். அந்தச் சிட்டு இப்போது உட்கார ஓர் இடம் கிடைக்காதா என்று ஏங்குகிறாள்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் கணுக்கால் பன்னு மாதிரி உப்பியிருக்கும். மருத்துவர் பார்த்துவிட்டு, "நின்னு பாக்குற வேலைய நீ விடலைன்னா, கால் உன்னை விட்டுடும்மா" என்று சொல்லியிருந்தார்.

கிடங்கின் மாடியில் கண்ணாடி அறை ஒன்று உண்டு. எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எது தீரப்போகிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்கிறவர்கள் அங்கே சக்கரம் வைத்த நாற்காலியில் இருப்பார்கள். அதில் ஒரு பெண் வேலையை விட்டுப் போகிறாள் என்று தெரிந்ததும் சிட்டு மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டாள்.

அவர் நல்ல மனுஷன்தான். "எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. எக்செல், டேட்டா வேலை எல்லாம் தெரியும்னு ஆன்லைன்லயாவது படிச்சு ஒரு சர்டிஃபிகேட் கொண்டு வா. மாசக் கடைசிக்குள்ள வரணும். அதுக்கு மேல என்னால காலியா வைக்க முடியாது" என்றார்.

அன்றிலிருந்து சிட்டு போனும் கையுமாக ஆனாள். எதில் சேருவது? அங்கேதான் வந்தது தலைவலி. ஓர் இடத்தில் 'முதலில் பாருங்கள், பிறகு பணம்' என்று எழுதியிருந்தது. பார்க்கப் போனால் கார்டு நம்பரைக் கொடு என்றது. இன்னொன்றில் சந்தா விலைகளை மூன்று கட்டங்களாகப் போட்டு, நடுக்கட்டத்தில் மட்டும் 'பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது' என்று பட்டை ஒட்டியிருந்தார்கள். அடுத்த தளத்துக்குப் போனால் அங்கேயும் நடுக்கட்டம்தான், அதே பட்டைதான். மற்றொன்றில் கோட்டு போட்ட இளைஞன் ஒருவன் வந்து, "போன வருஷம் நானும் உங்களை மாதிரிதான் இருந்தேன்" என்று ஆரம்பித்தான்.

"என்னை மாதிரியா? உனக்குக் கால் வீங்குச்சா?" என்று சிட்டு போனிடமே கேட்டாள்.

கடைசியில் அவளுக்குப் பிடித்தது ஒன்று இருந்தது. பார்க்கவே சோபையில்லாத தளம். ஒரு டீச்சர், பாதி நேரம் இருமிக்கொண்டே, செருப்புக் கிடங்கு ஒன்றின் சரக்குப் பட்டியலை வைத்து நம் பேச்சில் சொல்லிக்கொடுத்தார். சந்தேகம் கேட்டால் அவரே பதில் போடுவாராம். "செருப்புக்குப் பதிலா மாத்திரைன்னு வச்சுக்கிட்டா அப்படியே எங்க கிடங்கு பெரியப்பா" என்று என்னிடம் காட்டினாள். அந்தத் தளத்தில் ஒரு சந்தாவுக்கு ஓர் ஆள்தான்.

அந்த 'ஓர் ஆள்' என்கிற வார்த்தைதான் எங்கள் வீட்டாருக்கு ஆகவில்லை.

எங்கள் குடும்பத்தில் பொருளுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் கிடையாது. என் தம்பி கல்யாணத்துக்கு வாங்கிய இஸ்திரிப் பெட்டி, என் மூத்த தங்கை வீட்டுக்குப் போய், அவள் கொழுந்தன் வீட்டுக்குப் போய், அங்கிருந்து அவர் சகலை வீட்டில் நெடுநாள் தங்கி, பிடி உடைந்து திரும்பி வந்தது. யாரும் யாரையும் கேட்டதில்லை. யாராவது ஒன்று வாங்கினால் குடும்ப வாட்ஸாப் குழுவில் படம் போட வேண்டும். போட்டுவிட்டால் அது எல்லோருக்கும் பொது.

சிட்டுவின் புருஷன் குழுவில் போட்டான்: "சிட்டு ஆன்லைன்ல படிக்கப் போறா. எது எடுக்கலாம்?" அவ்வளவுதான், பெண் பார்க்கிற மாதிரி ஆளாளுக்கு ஒரு சாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவள் நாத்தனாருக்குத் துணி வடிவமைப்பு உள்ளதாகப் பார்க்க வேண்டும். புருஷனுக்கு போட்டோ எடுக்கச் சொல்லிக்கொடுத்தால் தேவலை. எல்லாருக்கும் மேல் சிட்டுவின் தாய்மாமன், வக்கீல் மாமா. அவர் கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. டயர் கடை வைத்திருந்தவர். வாதாடிய வாதாட்டத்துக்கு வந்த பெயர் அது.

"குடும்பத் திட்டம்னு ஒண்ணு இருக்கும்மா. ஆயிரக்கணக்குல பாடம். அதை விட்டுட்டு இருமிக்கிட்டிருக்கிற டீச்சரைப் போய்ப் புடிக்கிறியே" என்று நேரிலேயே வந்து சொன்னார்.

"மாமா, எனக்கு ஆயிரம் வேண்டாம். ஒண்ணு போதும்."

"உனக்குப் போதும். நாங்க எங்க போறது?"

"படிக்கப் போறது நான் மாமா!"

"நீ படி, யாரு வேண்டாம்னா? நாங்க ஓரமா பாத்துக்கிட்டு இருப்போம்."

புருஷனும் மாமா பக்கம் சாய்ந்தான். "பெரியவர் சொல்றார், விடேன். பாடம் எல்லாம் ஒண்ணுதானே" என்றான். சிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்குமுன் மாமாவே போனை வாங்கி, குடும்பத் திட்டம் இருந்த நடுக்கட்டத்தைத் தட்டிவிட்டார்.

அந்தத் திட்டத்தில் ஆளுக்கு ஒரு மெயில் வைத்துத் தனித்தனியாக நுழைய வேண்டுமாம். எங்கள் கூட்டத்தில் மெயில் வைத்திருப்பவர் உண்டு, பாஸ்வேர்டு ஞாபகம் வைத்திருப்பவர் இல்லை. அதனால் சிட்டுவுடையதைக் குழுவில் போட்டு, எல்லோரும் அவள் பெயரிலேயே நுழைந்தார்கள்.

அவள் வேலை முடிந்து வந்து திறந்தால், 'சிட்டு, உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை' என்று ரவிக்கை வெட்டுவதும், ட்ரோன் பறக்கவிடுவதும் வரிசையாக நிற்கும். ட்ரோன் மாமாவுடையது. அவரிடம் ட்ரோனே கிடையாது. தன் பாடத்தைத் தேடிப் பிடித்து ஆரம்பித்தால், 'வேறு கருவியில் பயன்பாட்டில் உள்ளது' என்று நின்றுவிடும். குழுவில் கெஞ்சுவாள்: "தயவுசெய்து ஒரு மணி நேரம் யாரும் பார்க்காதீங்க." நாத்தனார் உடனே, "இதோ முடிஞ்சிருச்சு அண்ணி, கழுத்து மட்டும் வெட்டிட்டு வந்துடுறேன்" என்று பதில் போடுவாள். யார் கழுத்தை என்று சிட்டு பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அப்படியும் விடவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து, மற்றவர்கள் தூங்கும்போது படித்தாள். பஸ்ஸில் படித்தாள். பாடம் எல்லாம் முடிந்தது. தேர்வு ஒன்றுதான் பாக்கி. மாதத்துக்கு ஒருமுறைதான் எழுதலாம், தவறினால் அடுத்த மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை நிம்மதியாக எழுதலாம் என்று வைத்திருந்தாள்.

சனிக்கிழமை பஸ்ஸில் வரும்போது போனைத் திறந்தாள். 'வருந்துகிறோம் சிட்டு. இம்முறை நீங்கள் தேர்ச்சி பெறவில்லை.'

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், குழுவில் இருக்கிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். வக்கீல் மாமாவின் வேலைதான்.

"தேர்வா? அது தேர்வா? ட்ரோன் பாக்கலாம்னு தொறந்தேன். 'தயாரா, தயாரா'ன்னு குறுக்க வந்துக்கிட்டே இருந்துச்சு. விளம்பரம்னு நெனச்சு முதல்ல இருக்கிறதையே தட்டித் தட்டித் தள்ளிவிட்டேன்."

"கேள்வி கேட்டுச்சே மாமா! படிக்கலையா?"

"விளம்பரத்தை யாரும்மா படிப்பா?"

சிட்டு அழவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாடம் நடத்துகிற கம்பெனிக்கு, இன்னொரு வாய்ப்புக் கேட்டு எழுதிப் போட்டாள். உடனே பதில் வந்தது, ஏதோ எந்திரம் அனுப்பியது: 'உங்கள் கற்றல் பயணத்தில் நாங்கள் எப்போதும் துணை நிற்கிறோம்.'

"நிக்கிறது நான்டா" என்று போனைக் கட்டிலில் எறிந்தாள்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"உன் பரீட்சையை உங்க மாமா ஏம்மா எழுதினாரு?"

"எழுதலை சார். தள்ளிவிட்டுட்டார்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டதை இவள் பார்த்துவிட்டாள். அதுதான் அவளுக்குக் கூடுதலாக வலித்ததாம். "அடுத்த மாசம் வரைக்கும் என்னால வச்சிருக்க முடியாதும்மா" என்றார். திரும்பி வரும் சரக்கைப் பிரிக்கிற பகுதியிலிருந்து ஒரு பெண்ணுக்கு அந்த நாற்காலி போனது. வேறொன்று காலியானால் பார்க்கலாம் என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே குடும்பத் திட்டத்தை நிறுத்தினாள். 'உண்மையாகவே போகிறீர்களா?' என்று அது திரும்பத் திரும்பக் கேட்க, இவள் திரும்பத் திரும்ப ஆமாம் என்று தட்டினாள். பிறகு இருமுகிற டீச்சரிடம் சேர்ந்தாள். பாஸ்வேர்டு போடும்போது புருஷன் எட்டிப் பார்த்தான். போனைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளே வக்கீல் மாமா வந்தார். "பழையது தொறக்க மாட்டேங்குது. புதுசு ஏதோ எடுத்திருக்கியாமே, என்னம்மா பாஸ்வேர்டு?"

"சொல்ல மாட்டேன் மாமா."

"ஏன், நான் என்ன திருடனா?"

"இந்த வீட்டுல எதை வேணும்னாலும் தூக்கிட்டுப் போங்க. இது ஒண்ணு என்னோடது."

எங்கள் வகையறாவில் யாரும் இதுவரை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொடுத்த காபியைக் குடிக்காமல் மாமா எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் 'வக்கீல் மாமா குழுவிலிருந்து வெளியேறினார்' என்று வந்தது. சிட்டுவின் அம்மா என்னிடம் வந்து, "என் தம்பி மனசு நொந்து போயிருக்கான், அவகிட்ட பேசி அந்தப் பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக் குடுங்களேன்" என்றாள். நான் கேட்டேன்தான்.

"உங்களுக்கும் கிடையாது பெரியப்பா" என்றாள் சிட்டு.

இன்றைக்கும் அவள் அந்த மேசையில்தான் நிற்கிறாள். கணுக்காலில் கட்டு போட்டிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில், காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, போனைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பாடம் கேட்கிறாள். தலைக்கு மேலே கண்ணாடி அறையில் நாற்காலிகள் உருளுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். அது கேட்காமல் இருக்க, காதில் மாட்டியிருப்பதை இன்னும் உள்ளே அழுத்திக்கொள்கிறாள்.