பைய ஓடச் சொன்ன ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். நேற்று மதியம், அமரவிளையில் அவர் வீட்டில்... தூக்கத்திலேயே.

கேன்சர். ஆறு மாதமாகப் படுக்கை. கடைசி இரண்டு நாள் வலி இல்லாமல் இருந்தார் என்று அக்காவின் வீட்டுக்காரர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், போனில் சொன்னார்.

பாறசாலை - நெய்யாற்றின்கரை பஸ்ஸில் போகிறவர்களுக்கு அவரைக் கண்டக்டராகத் தெரியும். எங்கள் பதினோரு பெண்களுக்கு அவர் ரன்னிங் கோச்.

கோச் என்று கூப்பிட்டால் பிடிக்காது. “நான் டிக்கெட் கொடுக்கதாக்கும் ஜோலி. ஓட்டம் சும்மா எனக்க கிறுக்கு” என்பார். அவரே முழு மாரத்தான் நாலு ஓடியவர்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஒரு பேப்பரில் கட்டம் போட்டு, பதினோரு பேருக்கும் அந்த வாரப் பிளானை எழுதி, போட்டோ எடுத்து குரூப்பில் போடுவார். பாதிக்கு மேல் கட்டங்களில் ஒரே வார்த்தைதான் இருக்கும். பைய. மெதுவாக ஓடு என்று அர்த்தம்.

“பைய ஓடத் தெரிஞ்சாத்தான் தூரம் ஓட முடியும் மக்கா. வேகம் எல்லாத்துக்கும் வரும்.”

மெதுவாக ஓடுகிறோமா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஃபர்ஸ்ட் டிரிப் எடுக்கும் முன், டிப்போவில் நின்று, எங்களில் யாருக்காவது போன் போடுவார். ஓடிக்கொண்டே எடுக்க வேண்டும்.

“என்ன கறி வச்ச?” இதுதான் கேள்வி. மசாலா அரைத்ததிலிருந்து தாளித்தது வரை மூச்சு வாங்காமல் சொல்ல வேண்டும். நடுவில் திணறினால், “வேகம் கூடுதல். நட” என்று கட் பண்ணிவிடுவார்.

விடிகாலையில் ரோட்டோரம் ஒரு பொம்பளை ஓடிக்கொண்டே மீன்கறி செய்முறை சொன்னால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்... பால்காரர் ஒருவர் எங்களைப் பார்த்தாலே சிரிப்பார்.

இப்போது நான் செய்த வேலையைச் சொல்கிறேன்.

எனக்கு மெதுவாக ஓட மானக்கேடாக இருந்தது. ஓட்டத்தை அளக்கும் போன் ஆப்பில் ஸ்பீடு குறைவாகக் காட்டினால் ஆபீஸில் கிண்டல் பண்ணுவார்கள். அதனால் ‘பைய’ என்று போட்ட நாளிலும் தலைதெறிக்க ஓடுவேன். போன் அடித்தால் உடனே நின்று, கரண்ட் போஸ்டைப் பிடித்துக்கொண்டு, நாலு ரிங் போகும் வரை மூச்சைச் சரி பண்ணிவிட்டுத்தான் எடுப்பேன்.

ஓடுகிற சத்தம் கேட்க வேண்டுமே... நின்ற இடத்திலேயே ஷூவைத் தரையில் தட்டிக்கொண்டே கறி சொல்வேன்.

அக்கா நம்பினார். “மூச்சு நல்லா உண்டு மக்கா. அடுத்த வாரம் உனக்கு தூரம் கூட்டலாம்” என்றார். கூட்டினார். அதையும் நான் வேகமாகவே ஓடினேன்.

நான் ஓட இருந்த மாரத்தானுக்கு மூன்று வாரம் இருக்கும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். காலை ஊன்ற முடியவில்லை.

அந்த ஆத்திரத்தில் குரூப்பில் எழுதினேன், “அக்கா தூரத்தை ஓவராக் கூட்டிட்டாங்க, அதான்.” எழுதும்போதே தெரியும், பொய் என்று.

அக்கா ஒரே வரி பதில் போட்டார். “எனக்க தப்பாக்கும் மக்கா. பொறுத்துக்கிடணும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளான் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. யார் கேட்டாலும் டியூட்டி அதிகம் என்றார். ஒன்றரை வருஷம் அவர் யாருக்கும் ஒரு கட்டம்கூடப் போடவில்லை. காரணம் என் பொய்தான் என்று எனக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அவர் படுத்த பிறகு மூன்று தடவை பார்க்கப் போனேன். மருந்து, சாப்பாடு என்று எதையோ பேசி, ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். போன மாதம் நாலாவது தடவை... உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“ஷூவ தட்டினியா?”

“தட்டினேன் அக்கா.”

“சவமே! உனக்க காலை நானாக்கும் ஒடிச்சேன்னு ஒன்றரை வருசம் உறக்கம் இல்லாம கிடந்தேன்! கள்ளம் பறஞ்சுட்டு நீ இஞ்ச வந்து ஆரஞ்சு உரிச்சு தாறியா?”

பத்து நிமிஷம் திட்டினார். சத்தம் கேட்டு அண்ணன் அடுக்களையிலிருந்து ஓடி வந்துவிட்டார். நான் அழுதேன். அக்காவுக்குத் திட்டி முடிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்போ நான் போட்ட பிளான் சரிதான், இல்லியா?” என்று இரண்டு தடவை கேட்டார். சரிதான் அக்கா என்றேன். அண்ணனிடம் பேப்பரும் பேனாவும் கேட்டார்.

“குரூப்புல சொல்லட்டா அக்கா?”

“அது உனக்க காரியம். நான் சொல்ல மாட்டேன், கேட்டியா.”

அன்று சாயங்காலம் குரூப்பில் போட்டோ வந்தது. கோணல்மாணலாக எழுதிய கட்டங்கள். பதினோரு பேருக்கும். என் பெயருக்கு நேரே: ‘பைய 5 கி.மீ. நிக்காம.’

அதன் பிறகு நாலு ஞாயிறு பிளான் வந்தது. போன ஞாயிறும் வந்தது.

குரூப்பில் இருக்கிறவர்களே, என் காலை ஒடித்தது நான்தான். அக்கா பிளானில் ஒரு தப்பும் இல்லை. இதை இன்றைக்குத்தான் சொல்கிறேன், மன்னியுங்கள்.

அழுகை வருகிறது. ஆனால் அதைவிட நிம்மதிதான் அதிகம். நல்ல வேளை, சொல்லிவிட்டேன். என் தப்பைத் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு அவர் போகவில்லை.

இன்று என் கட்டத்தில் ‘பைய 6’ என்று இருந்தது. காலையில் போனேன். அந்தக் கரண்ட் போஸ்ட் பக்கம் வந்தபோது போன் அடிக்கவில்லை. நிற்கவில்லை. ஓடிக்கொண்டே சத்தமாகச் சொன்னேன்.

சாளை மீன்கறி, அக்கா. தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு, கடைசியில் கறிவேப்பிலை...

மூச்சு வாங்கவில்லை.

பைய போங்க, அக்கா.