லோயர் கேம்பில் ஒரு வாய்த் தண்ணீர்

கம்பத்திலிருந்து குமுளிக்குப் போகும் பஸ்ஸைப் பிலவேந்திரன் ஓட்ட வந்த புதிதில் ஜனங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மனிதர் வேதக்காரர், ராயப்பன்பட்டிக் கிறிஸ்தவர். ஆனால் தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் அதைச் சுற்றி வந்தார். சும்மா ஒரு நடை அல்ல. ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் நின்று, குனிந்து, தொட்டு, நிமிர்ந்து, பிறகே அடுத்ததற்குப் போவார்.

"கோயிலச் சுத்துற மாதிரியில்ல சுத்துறாரு," என்றாள் கீரைக்கட்டுகளோடு உட்கார்ந்திருந்த மாயக்காள். "ஏலே ஒச்சாண்டி, இந்த வண்டிக்கு என்னடா ஆச்சு, இம்புட்டுக் கும்பிடுறதுக்கு?"

கண்டக்டர் ஒச்சாண்டி வண்டியின் பின்னால் இருந்த கரி அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். யுத்தம் முடிந்தும் பெட்ரோல் தட்டுப்பாடு முடியவில்லை. சமவெளியில் வண்டி கரி வாயுவில் ஓடும், மலையேற மட்டும் பெட்ரோல். "ஏரோப்ளேன் ஓட்டுனவுக அப்பிடித்தேன் பாப்பாகளாம் ஆத்தா."

"ஏரோப்ளேன் விழுந்துரும், பாக்கணும். பஸ்ஸு எங்கிட்டு விழப்போகுது? அதுதேன் தரையிலயே கெடக்கே."

வண்டி முழுக்கச் சிரித்தது. பிலவேந்திரனும் சிரித்தார். ஆனால் பாக்கியிருந்த சக்கரத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

குமுளியில் ஏலக்காய் மண்டி ஒன்றில் எனக்கு வேலை. வாரம் ஒருமுறை அந்த வண்டியில்தான் போவேன். டிரைவருக்குப் பின்னால் உள்ள இடம் கிடைத்தால் போதும். பேச வேண்டியதில்லை, அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிக்கிற கைகள் இல்லை அவை. தூங்குகிற குழந்தையின் தலையை வைத்திருப்பதுபோல வைத்திருப்பார்.

திருச்சியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தவர் பாதியில் விமானப்படையில் சேர்ந்தார். பர்மா பக்கம் அரக்கான் காடுகளின் மேல், ஒரே ஆள் உட்காரும் ஹரிக்கேன் விமானம் ஓட்டினார். நாற்பத்தாறில் வெளியே வந்தார். சென்னையில் ஒரு விமானக் கம்பெனியில் வேலை கேட்டபோது, இரட்டை எஞ்சின் ஓட்டிப் பழகியவர்கள்தான் வேண்டும் என்றார்கள். சர்க்கார் ஆபீஸில் காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் பஸ் முதலாளி ராக்கையாவின் பழைய டிரைவர் மொக்கைச்சாமி, மச்சினனின் செங்கல் சூளையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டான். "நான் ஓட்டட்டுமா மொதலாளி?" என்று இவர் போய் நின்றதும் ராக்கையாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆபீசராக இருந்தவரை 'வாடா போடா' என்று எப்படிக் கூப்பிடுவது? கடைசியில் 'பைலட்டு' என்று கூப்பிட்டார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது.

அவர் மனைவி லூர்து மேரிக்கு அந்த வேலையில் எந்தக் குறையும் தெரியவில்லை. "பஸ்ஸுன்னா சாயந்தரம் வீடு வந்துருமில்ல," என்பாள். படையிலேயே தங்கிவிட்ட சிநேகிதர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். தேசம் சுதந்திரம் அடைந்து, காஷ்மீரில் சண்டை ஆரம்பித்திருந்த ஐப்பசி அது. இந்த வேலை போனால் வேறு போக்கிடம் இல்லை, மறுபடி காக்கிச் சட்டைதான். லூர்து மேரி அப்போது மாசமாக இருந்தாள்.

வேலை போய்விடும் போலத்தான் இருந்தது. காரணம், பைலட்டு பாதி வழியில் திரும்பிவிடுகிறார்.

எங்கள் பக்கத்தில் புறப்பட்டவன் திரும்பக் கூடாது. வாசல் தாண்டிய ஆளைப் பின்னாலிருந்து கூப்பிட்டால்கூடக் கூப்பிட்டவனுக்கு ஏச்சு விழும். குடையை மறந்தாலும் நனைந்துகொண்டே போவார்கள். இவரோ மலைப்பாதையில் மூட்டம் இறங்கி எதிர்வளைவு கண்ணுக்குத் தெரியாமல் போனால், வண்டியைப் பின்னுக்கு எடுத்து, அகலமான இடத்தில் திருப்பி, மலையடிவாரத்து லோயர் கேம்புக்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அந்த மழைக்காலத்தில் இரண்டு முறை அப்படிச் செய்துவிட்டார். முதல் முறை சந்தைக்குப் போனவர்கள் ஏசினார்கள். இரண்டாம் முறை மாயக்காளின் கீரை வாடிப்போனது. அவள் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. போட்டிக் கம்பெனி பஸ்ஸில் கூட்டம் கூடியது.

"இன்னொரு தடவ திரும்புனீகன்னா, மொக்கைச்சாமியத்தேன் கூப்பிடணும் பைலட்டு," என்றார் ராக்கையா. "மனசுல வச்சுக்கிறாதீக. யாவாரம்."

"சரிங்க மொதலாளி," என்றார் இவர்.

அந்த வெள்ளிக்கிழமை ராக்கையாவே வண்டியில் இருந்தார். அவருடைய தங்கை பாண்டியம்மாள் தன் மகனுக்குக் குமுளியில் பெண் பார்த்திருந்தாள். அன்றைக்குப் பரிசம். மடியில் பரிசத் தட்டை வைத்து, மஞ்சள் துணி போட்டு மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தாய்மாமன் என்ற முறையில் ராக்கையா புது வேட்டியில் விறைப்பாக இருந்தார். ராகுகாலத்துக்கு முன்னால் தட்டு மாற்ற வேண்டும்.

கூடலூர் வரைக்கும் நல்ல வெயில். லோயர் கேம்பைத் தாண்டி ஏற ஆரம்பித்தபோதும் பாதை தெரிந்தது. நாலைந்து வளைவு போனதும் மேலேயிருந்து மூட்டம் இறங்கியது. முதலில் மரங்களின் தலை போனது. பிறகு மரம் போனது. கொஞ்ச நேரத்தில் வண்டியின் மூக்குக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, வெளுத்த ஈரம் மட்டும்.

பிலவேந்திரன் வண்டியை நிறுத்தினார்.

"ஏன் பைலட்டு நிறுத்துறீக?" என்று கேட்டார் ராக்கையா. பதில் தெரிந்தே கேட்டார்.

"பாத தெரியல மொதலாளி."

"ஆரன் அடிச்சுக்கிட்டே போங்க. மொக்கைச்சாமி இதவிட மூட்டத்துல போயிருக்கான்."

அப்போது பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. போட்டிக் கம்பெனி வண்டி எங்களை உரசிக்கொண்டு முன்னால் போய் மூட்டத்துக்குள் மறைந்தது. அதிலிருந்து யாரோ, "பைலட்டு! ரெக்கைய விரிங்க!" என்று கத்தியது மட்டும் கேட்டது.

ராக்கையாவின் முகம் சிவந்துவிட்டது. பிலவேந்திரன் ஒச்சாண்டியைக் கீழே இறங்கச் சொன்னார். ஒச்சாண்டி சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையைத் தூக்கிக்கொண்டு, "வரலாம்... வரலாம்..." என்று குரல் கொடுத்தபடி பின்னால் நடந்தான். வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு நகர்ந்தது. பாண்டியம்மாள் தட்டின் மேல் இருந்த துணியை இன்னும் இழுத்து மூடினாள்.

லோயர் கேம்பில் வந்து நின்ற பிறகுதான் வெடித்தது.

"நல்ல காரியத்துக்குப் போற தட்டத் திருப்பிக் கொண்டாந்துட்டானே!" என்று மாயக்காள் ஆரம்பித்தாள். அவள் அந்த வீட்டுக்கு உறவுகூட இல்லை. "ஏப்பா, நீ பெரிய படிப்பெல்லாம் படிச்சு இதத்தேன் கத்துக்கிட்டியா?"

ராக்கையா கீழே இறங்கினார். அவர் சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "வண்டிய எடுங்க பைலட்டு. இது என் வண்டி. நான் சொல்றேன்."

பிலவேந்திரன் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். "ஒங்க வண்டிதேன் மொதலாளி. யாரு வேணாலும் ஓட்டட்டும். பாத தெரியாம இவுகள மேல கூட்டிட்டுப் போக என்னால முடியாது."

"பர்மாவுல குண்டு போட்ட ஆளுக்கு இம்புட்டுப் பயமா?"

அவர் வண்டியின் பக்கம் திரும்பினார். பாண்டியம்மாளைப் பார்த்துத்தான் சொன்னார். "எங்கூட குரியன்னு ஒருத்தன் இருந்தான்க்கா. திருவிதாங்கூர்க்காரன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தேன் கெளம்புனோம். இதே மாதிரி மூட்டம். திரும்பிரலாம்டான்னு ரேடியோவுல சொன்னேன். திரும்பிப் போனா சிரிப்பானுகடான்னான். நான் திரும்பிட்டேன். சிரிக்கத்தேன் செஞ்சாக. சாயங்காலம் வரைக்கும் சிரிச்சாக." அவர் மலையைப் பார்த்தார். "அந்த மூட்டத்துக்குள்ள ஒரு மலை இருந்துருக்கு. அவன் வரவே இல்ல."

கரி அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

பாண்டியம்மாள் கேட்டாள்: "ஒனக்கு வீட்ல யாரு இருக்கா தம்பி?"

"வீட்டுக்காரி இருக்காக்கா. மாசமா இருக்கா."

"எத்தனாவது?"

"மொதல்."

அவள் தட்டை மாயக்காளின் மடியில் வைத்தாள். மாயக்காள் அதை எதிர்பார்க்கவில்லை. கீரையைத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பாண்டியம்மாள் கீழே இறங்கி, டீக்கடைப் பக்கம் இருந்த கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏலே ஒச்சாண்டி, அங்கன இருக்கிற பானையில தண்ணி மோந்து கொண்டா. எல்லாருக்கும்."

"என்ன ஆத்தா செய்யிற?" என்றார் ராக்கையா.

"என்னண்ணே தெரியாத மாதிரி கேக்குறே? திரும்பி வந்த காலுன்னா உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு மறுபடி பொறப்படணும். நம்ம அய்யா செய்யல? தண்ணி குடிச்சுட்டா அது பழைய பயணம் இல்ல. புதுப் பயணம்." அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். "நாம இன்னும் பொறப்படவே இல்ல. நீயும் உக்காரு. வேட்டி அழுக்காகாது."

ராக்கையா உட்கார்ந்தார். பிறகு வண்டியிலிருந்த எல்லோரும் இறங்கி வந்து ஆங்காங்கே உட்கார்ந்தார்கள். ஒச்சாண்டி தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தான். நானும் குடித்தேன். கடைசியாக, நின்றுகொண்டிருந்த பிலவேந்திரனிடம் அவன் குவளையை நீட்டினான். "நீங்களும் உக்காருங்கண்ணே. டிரைவரு நின்னுக்கிட்டுக் குடிச்சா செல்லாது." அவர் புழுதியில் உட்கார்ந்து குடித்தார். குவளை பல்லில் பட்டுச் சத்தம் போட்டது.

ராகுகாலம் உட்கார்ந்தபடியே போனது. உச்சி திரும்புகிற நேரத்தில் வெயில் மலைமேல் ஏறி, மூட்டத்தை ஒரு பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டியது. ராக்கையா எழுந்து சாவியை நீட்டினார்.

குமுளியில் போட்டிக் கம்பெனி வண்டி பத்திரமாக நின்றிருந்தது. அந்த டிரைவர் பீடி குடித்துக்கொண்டிருந்தான். "பாத்தீகளா, அவன் வந்துட்டான்," என்று ராக்கையா கடைசியாக ஒருமுறை குத்திப் பார்த்தார்.

"ரொம்பச் சந்தோசம் மொதலாளி," என்றார் பிலவேந்திரன். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அந்த டிரைவரை அவர் பார்த்த பார்வையில் எனக்கு அது தெரிந்தது.

பாண்டியம்மாள் கூப்பிட்டதால் பெண் வீட்டுக்கு நானும் போனேன். அங்கே வாசல்கூடப் பெருக்கியிருக்கவில்லை. எங்களைக் கண்டதும் பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "காலையில இருந்த மூட்டத்துக்கு யாரும் ஏறி வரமாட்டீகன்னு நெனச்சுட்டோம். உலையே வைக்கலையே!" என்று அவர் தவிக்க, பாண்டியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளே அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தாள்.

தை மாதம் கல்யாணம். மருமகளைக் கம்பத்துக்கு அழைத்துவர வண்டி வேண்டுமென்று பாண்டியம்மாள் கேட்டபோது, ராக்கையா வேண்டுமென்றே, "மொக்கைச்சாமி சும்மாதேன் இருக்கான், அவன அனுப்பவா?" என்றார்.

"அவன சூளையிலயே இருக்கச் சொல்லுண்ணே. எம்மருமகள எறக்கிக் கூட்டியார பைலட்டுதேன் வரணும்."

இப்போது லோயர் கேம்பில் மூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வண்டி நிற்கிறது. ஜனங்கள் இறங்கி உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஏறுகிறார்கள். மாயக்காள்தான் முதலில் இறங்குவாள். பிலவேந்திரன் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். சில நாள், "இன்னைக்கு இங்கனதேன்," என்பார். அப்போது ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. டீக்கடைக்காரர் பால் கூடுதலாகக் காய்ச்சுவார்.

மாசியில் அவருக்குப் பெண் பிறந்தது. அன்றைக்கும் வண்டியைச் சுற்றி வந்துதான் எடுத்தார். ஆனால் இரண்டு சக்கரத்தை மறந்துவிட்டார். ஒச்சாண்டி சொல்லித்தான் திரும்ப இறங்கினார்.