மூடியக்கா வாங்கிய ஸ்பீக்கர்கள்

கண்ணாடிப் புட்டிகளுக்கு மூடி அழுத்தும் இயந்திரத்தின் முன்னால் முப்பது வருடம் நின்றதால் அவளுக்கு மூடியக்கா என்று பேர். ஓய்வுபெற்ற பிறகு மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலிக்கு அவசியம் வரவில்லை.

கடல் தாண்டிப் போன தங்கை மட்டும் பேச்சைப் பதிவு செய்து போனுக்கு அனுப்புவாள். அதில் குரல் வரும், சொல் வராது. போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். மூடியக்கா எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரி" என்று பதில் அனுப்புவாள். வரவரப் பதிவுகள் குறைந்தன. எதிரே நின்று பேசுகிறவர்கள் பேச்செல்லாம் தெளிவாக விளங்குகிறது. ஆகவே கோளாறு போனில்தான் என்று முடிவுகட்டி ஆடியோ கடைக்குப் போனாள்.

"ரூம் எவ்வளவு பெருசும்மா?" என்றான் கடைக்காரன்.

"கட்டிலைப் போட்டா கதவு பாதிதான் திறக்கும்."

"அதுக்கு இருபது வாட்ஸே போதும்தான். ஆனா வார்த்தை தெளிவா கேக்கணும்னா நூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் எடுங்க. இந்த ஸ்பீக்கர் ரெண்டும் அதுக்குப் பொருத்தமா இருக்கும்."

வாங்கினாள். தங்கையின் குரல் பெரிதாயிற்று. கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். சொல் மட்டும் வரவில்லை.

திரும்பப் போனபோது விரல் தடிமனில், தங்க முலாம் பூசிய முனையோடு ஒரு கேபிளை எடுத்துக் காட்டினான். "கரன்ட் எந்தப் பக்கம் போகணும்னு அம்புக்குறி போட்டிருக்கு பாருங்க."

ஸ்பீக்கருக்குப் போகிற மின்சாரம் இரு பக்கமும் மாறிமாறி ஓடுவது. நாலடி தூரத்துக்குச் சாதாரண வயரே தாராளம். தாயத்து விற்கிறவன்கூட இவ்வளவு துணிய மாட்டான். மூடியக்கா அதையும் வாங்கினாள். தங்கையின் பேச்சு அதிலும் போர்வைக்குள்தான் இருந்தது.

கடைசியில் ரிப்பேர்க்காரனைக் கூப்பிட்டாள். அவன் பெட்டிகளைப் பார்த்ததும் சிரித்தான். "இதை வெச்சுப் பொதுக்கூட்டமே போடலாமே. கட்சி கிட்சி ஆரம்பிக்கிறீங்களா?"

"ஆரம்பிச்சா உன்னைத்தான் பொருளாளராப் போடணும், தம்பி. கட்சி அன்னிக்கே திவால்."

ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து வேலை பார்த்தவன், ஏதோ கேட்டுப் பதில் வராமல் தலையைத் தூக்கினான்.

"டார்ச் அடிங்கன்னு ரெண்டு தடவ சொன்னேனே!"

"எப்பச் சொன்னே?"

அவன் எழுந்து அவள் எதிரே வந்து நின்றான். பிறகு உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டான். கையை எடுத்துவிட்டு, "இப்ப நான் என்ன சொன்னேன்?" என்றான்.

மூடியக்கா விளையாட்டென்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

புட்டிகள் மோதும் தொழிற்சாலைக் கூடத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் குரலை விட்டு வாயை மட்டும் அசைப்பார்கள். உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவார்கள். காதடைக்கப் பஞ்சுகூட யாரும் கொடுத்ததில்லை. வருடாந்தரச் சோதனையில் டாக்டர் முகத்துக்கு நேரே "கேக்குதா?" என்பார். அவள் உதட்டைப் படித்து "கேக்குது" என்பாள். காது போனது அவளுக்கே தெரியவில்லை என்பது உண்மை. முதலாளிக்கும் தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். கூடத்தை ஒட்டியிருந்த அவருடைய அறைக்குச் சத்தம் புகாத இரட்டைக் கண்ணாடிச் சுவர் போட்டிருந்தார்கள்.

"தங்கச்சி பேச்சு தெளிவாத்தான் இருக்கு," என்றான் ரிப்பேர்க்காரன், பதிவைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்து. "முழுசாக் கேட்டுச் சொல்லட்டுமா?"

"வேணாம் தம்பி. அது எங்கிட்டச் சொன்னது."

அவன் போன பிறகு, 'இனிமே முகம் தெரியப் பேசு' என்று தங்கைக்கு எழுதினாள். மறுநாள் வீடியோ வந்தது. தங்கைக்கு முழுக்க நரைத்திருந்தது. மூடியக்கா ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு உதட்டைப் பார்த்தாள்.

"நான் தனியாத்தானே இருக்கேன், வந்து எங்கூடவே இருந்துடு அக்கான்னு எத்தன தடவ கேட்டேன்? உனக்குன்னு ரூமைக்கூட ஒழிச்சு வெச்சேன். நீ சரி சரின்னே, அதோட சரி. போன மாசம் அதை வாடகைக்கு விட்டுட்டேன்."

திரும்பப் போட்டுப் பார்த்தாள். அதே உதடு, அதே சொல்.

பிறகு போனை ஸ்பீக்கர்மேல் சாய்த்து வைத்து, வீடியோ பதிவைத் தட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். எதுவும் காதில் விழவில்லை என்பதில் ஆரம்பித்து, ரூம் வேண்டாம், ஒரு மூலை போதும் என்பதுவரை எல்லாம் சொன்னாள். கூடத்தில் பேசுவது போலவே, வாயை மட்டும் அசைத்து. குரல் கொடுக்கவில்லை என்பது தெரியாமலே அதை அனுப்பினாள்.