பத்தாயத்துக்குள் கிடந்த புஷ்

என் அப்பாவுக்கு வேலை தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அன்று சொன்னவர் போலீஸ் ஏட்டு. ஒன்பது வயதில் ஏட்டு என்றும் பார்க்கத் தோன்றவில்லை.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எங்கள் ஊர். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட ஒரு பிக்கப் வண்டியை அப்பா வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். பாலராமபுரத்துத் துணிக்கட்டு, மலையோரத்து மரச்சீனிக் கிழங்கு, எல்லாம் அதில்தான் போகும். அதற்கு ஒரே ஒரு கெட்ட குணம். முன் ஆக்சிலின் இரண்டு முனையிலும் கிங்பின் என்று ஒரு தடித்த இரும்பு முளை உண்டு. சக்கரம் திரும்புவது அதைச் சுற்றித்தான். அதைப் பிடித்திருக்கும் புஷ் என்ற பித்தளை வளையம் அடிக்கடி தேய்ந்து, ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் ஆடும். அப்பா காலையில் சக்கரத்தைக் கழற்றினால் மத்தியானத்துக்குள் புதுப் புஷ்ஷைப் பொருத்தி இறக்கிவிடுவார். இரண்டு தடவை பக்கத்தில் இருந்து பார்த்திருந்தேன். ஆகவே அந்த வேலை எனக்கும் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராட்டம் மும்முரமாக நடந்த காலம் அது. அம்மாவின் தம்பி, என் மாமா, எல்லா ஊர்வலத்திலும் முன்வரிசை. போராட்டக்காரர்களைப் பிடித்துக்கொண்டு போக, ஓடுகிற வண்டி எதைக் கண்டாலும் போலீஸ் எடுத்துக்கொள்கிறது என்று ஊரில் பேச்சு வந்தது. மறுநாளே அப்பா முன் சக்கரம் இரண்டையும் கழற்றி, ஆக்சிலைக் கட்டைமேல் ஏற்றி வைத்தார். பத்து நாள் ஆயிற்று. கேட்டவர்களிடமெல்லாம் புஷ் வரவில்லை என்றார். புஷ்ஷோ பத்தாயத்தில் நெல்லுக்குள் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், உன் அப்பாவுக்குக் கழற்ற மட்டும்தான் தெரியும் என்று சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

பதினோராம் நாள் காலை ஏட்டு இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். மாமாவும் கூட்டாளிகள் ஆறு பேரும் அம்பூரியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒளிந்திருப்பதாக அவர்களுக்குத் துப்பு கிடைத்திருந்தது. வேறு வண்டி பிடித்து வருவதற்குள் பொழுது போய்விடும், மாமாவும் இடம் மாறிவிடுவார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

"புஷ்ஷு வரணும் ஏமானே. இல்லாம ஓட்டினா சக்கரம் களண்டு போவும்" என்றார் அப்பா.

ஒரு புஷ்ஷுக்குப் பத்து நாளா, உனக்கு வேலை தெரியாது என்று சொல்லேன் என்று ஏட்டு சிரித்தார்.

"புஷ்ஷு வந்தாச்சு. பத்தாயத்துக்குள்ள உண்டு. எங்க அப்பா உச்சைக்குள்ள மாட்டிருவாராக்கும்" என்றேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. ஏட்டு என்னை மிடுக்கி, கெட்டிக்காரி என்று மெச்சினார். அப்பா உள்ளே போய், தானே புஷ்ஷை எடுத்து வந்தார்.

ஏனோதானோவென்று மாட்டியிருக்கலாம். அப்பாவுக்கு அது வராது. பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்தார், புதியதை இறக்கினார், உள்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி அளவுக்குக் கொண்டுவந்தார். கிங்பின்னில் எண்ணெய் பூசி முனையை உள்ளே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீயே அமுக்கிப் பாரு மக்கா."

பெருவிரலால் அழுத்தினேன். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. கிங்பின் மெல்ல இறங்கி உட்கார்ந்தது. போலீஸ்காரர்களைத் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

மத்தியானம் ஏட்டை ஏற்றிக்கொண்டு அப்பா ஓட்டிப் போன வண்டி சாயங்காலம் திரும்பி வந்தது. எங்கள் தெரு முக்கில் வேகம் குறைந்தபோது கூடவே ஓடினேன். பின்னால் மாமாவும் ஆறு பேரும் இருந்தார்கள். அவர்கள் கை கயிற்றால் கட்டியிருந்தது. வண்டி குலுங்கினால் விழாமலிருக்க என்று நினைத்தேன்.

"மாமா, இப்ப ஆட்டமே இல்ல, பாத்தியளா?"

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இல்ல மக்கா. நல்ல வேலையாக்கும்."

அப்பா திரும்பாமல் சாலையையே பார்த்து ஓட்டினார். வீட்டுக்கு வந்தபின் சோற்றைத் தொடவில்லை. வேலை செய்த களைப்பு என்று நினைத்து, அவருக்கு வைத்திருந்த மீனையும் நானே தின்றேன்.