காளியம்மன் கொல்லையில் வடிவின் கை

வடிவு களி கிண்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். துடுப்பு முதலில் வலக்கையில் இருக்கும். சற்று நேரம் கழித்து இடக்கையில் இருக்கும். எப்போது மாறியது என்று பார்த்தவர்களால் சொல்ல முடியாது. அவளாலும் முடியாது. புளி தட்டும்போதும் அப்படித்தான். மற்றப் பெண்கள் தோள் வலிக்கிறது என்று எழுந்து நிற்பார்கள். வடிவின் முன்னால் புளி குவிந்துகொண்டே இருக்கும்.

அவள் கணவன் சடையன் இதைச் சொல்லிச் சிரிப்பான். "ஒருத்தியக் கட்டிக்கினு வந்தேன், ரெண்டு பேரு வேல நடக்குது. சோறு ஒருத்திக்குதான் போடறேன்."

அந்தச் சோற்றை அவள் வலக்கையால்தான் தின்பாள். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால்தான். அதில் மட்டும் கை மாறியதே இல்லை. அதனால் அவளை யாரும் இடக்கைக்காரி என்று நினைத்ததில்லை. ரெண்டு கையும் வரும் என்றார்கள். கேட்டால் அவளும் அதையே சொல்வாள்.

ஜவ்வாது மலையில் எங்களுடையது சின்ன ஊர். விடியலில் புறப்பட்டால் ஜமுனாமரத்தூர் சந்தை கூடுவதற்குள் நடந்து போய்விடலாம். ஊருக்குப் பொதுவாகக் காளியம்மன் கொல்லை என்று ஒரு மானாவாரி நிலம் உண்டு. அதில் விளையும் சாமைதான் திருவிழாவில் அம்மனுக்குப் பொங்கல். அதை விதைத்த பிறகுதான் அவரவர் கொல்லையில் விதைப்போம். விதைக்கிறவருக்குக் கைராசி இருக்கவேண்டும். சோற்றுக்கையால் விதைக்கவேண்டும், பீச்சாங்கை விதையில் படக் கூடாது. விதைத்து, முள்ளுக்கொம்பை இழுத்து விதையை மண்ணால் மூடிவிட்டால், களையெடுப்பு வரை யாரும் அங்கே எட்டிப் பார்க்கவும் கூடாது. அம்மன் உலாவும் இடம் என்பார்கள்.

வடிவு கல்யாணமாகி வந்த சில வருஷத்தில் இந்த வேலை அவளிடம் வந்தது. ஊர்க்கவுண்டர் ரங்கசாமி ஒருநாள் சடையனின் கொல்லை வழியாகப் போனார். பயிர் சீராக நின்றதைப் பார்த்து, விதைத்தது யார் என்று கேட்டார். பெண்ணா விதைப்பது என்று முதலில் பேச்சு எழுந்தது. அந்த வருஷத்து விளைச்சல் பேச்சை அடக்கிவிட்டது. அதற்குப் பிறகு, புதிதாகக் கொல்லை திருத்தியவர்கள்கூட முதல் கை விதை போட அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

மற்றவர்கள் விதையைக் கூடையில் வைத்து, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீசுவார்கள். வடிவு மடியில் கட்டிக்கொள்வாள். எந்தக் கையாலும் அள்ளலாம். இது யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

1978 ஆனியில் முதல் மழை பெய்து மண் பதமானது. காளியம்மன் கொல்லை கோயிலுக்குக் கீழே சரிவில் இருக்கிறது. மேலே நிற்பவர்களுக்கு விதைப்பவளின் தலைதான் தெரியும். அன்றும் எல்லோரும் மேலே பொங்கல் அடுப்பைச் சுற்றி நின்றார்கள்; ரங்கசாமி மட்டும் முதல் பிடி விழும் வரை கீழே நின்றுவிட்டு ஏறிப்போனார். வடிவு மேற்கு ஓரத்தில் வலக்கையால் முதல் பிடியை வீசித் தெற்கே நடந்தாள். பிறகு வடக்கே திரும்பினாள். ஒரு நடைக்கு ஒரு பட்டை. அப்படியே கிழக்கு நோக்கி நகர்ந்து, ஓடையிலிருந்து இரண்டாவது பட்டையை அவள் முடிக்கும் நேரத்தில், அவளுடைய ஓரகத்தி அம்சவல்லி தண்ணீர்க் குடத்துடன் ஓடையிலிருந்து ஏறி வந்தாள்.

"ஏ வடிவு! இன்னாமே பண்றே? எந்தக் கையால வெதைக்கிறே?"

வடிவு நின்றாள். குனிந்து பார்த்தாள். மடியைப் பிடித்திருந்தது வலக்கை. விதை இருந்தது இடக்கையில்.

"நான் எப்பக்கா மாத்துனேன்?"

"என்னியக் கேக்கறியே! கை என்னுதா உன்னுதா?"

மாற்றியதே அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு நடையில்தான் மாறியதா, வடக்கே திரும்பிய ஒவ்வொரு நடையிலுமா? அதற்கும் மேலே ஒரு கேள்வி வந்தது. இந்த வருஷம் மட்டுமா?

காரணம் பிறகு யோசித்தால் எளிதாகத் தெரிந்தது. ஆனியில் மேற்கேயிருந்து காற்று. தெற்கே நடக்கும்போது வலக்கை வீச்சு காற்றோடு போகும். வடக்கே திரும்பினால் அதே கை காற்றுக்கு எதிரே வீசவேண்டும். சாமை பொடி விதை, முகத்திலேயே திரும்பி அடிக்கும். அந்த நடையில் இடக்கையால் வீசினால் மறுபடியும் காற்றோடு போகும். அவள் கைக்கு இது தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு ஊர் சரிவில் இறங்கி வந்தது. ரங்கசாமி கடைசிப் பட்டையை வலக்கையால் முடிக்கச் சொன்னார். முடித்தாள். எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள்.

"வருசா வருசம் இப்படித்தானா?" என்று கேட்டார் ரங்கசாமி.

"தெரியலீங்க கவுண்டரே."

"தெரியலைன்னா இன்னா அர்த்தம்? பத்து வெரலும் உன் ஒடம்புலதான கீது?"

"சத்தியமா தெரியலீங்க."

அம்சவல்லியின் கணவன் கோபால்சாமி சடையனுக்கு அண்ணன். அவன்தான் குரலை உயர்த்தினான். "பீச்சாங்கை பட்ட வெதைய அம்மா தொடுவாளா? கழுவுற கையால சோறு போட்ட மாதிரி ஆச்சு. எல்லாத்தையும் உழுதுட்டு திரும்பப் போடுங்க."

திரும்பப் போட விதை இல்லை. ரங்கசாமி சொன்னார். "உழ வேணாம். அந்தக் கை பட்ட எடத்துல அம்மா மொளைக்க வுட மாட்டா. ஒரு வாரம் போய் நாமளே பாப்போம். மொளைக்கலேன்னா இனிமே வடிவு வெதையத் தொடக் கூடாது. அம்மா கொல்லையில மட்டும் இல்ல, யாரு கொல்லையிலயும். அவ வூட்டுக் கொல்லையிலயும்."

"மொளைச்சிட்டா?" என்று கேட்டான் சடையன்.

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. "மொளைக்கட்டும், அப்பப் பாத்துக்கலாம்" என்றார் ரங்கசாமி.

களையெடுப்புக்கு முன்னால் அந்தக் கொல்லையைப் பார்ப்பது என்று ஊர் முடிவு செய்தது அதுதான் முதல்முறை. அதுவரை யாரும் சொந்தக் கொல்லையில் விதைக்கவில்லை. மண் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குப் போகும் வழியில் பெண்கள் வடிவின் கையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வாரமும் அவள் தன் கையைத் தேடினாள். புளியமரத்தில் குரங்கு வந்தபோது கல்லை எடுத்து எறிந்தாள்; எறிந்தது இடக்கை. துடைப்பம் வலக்கையில் இருந்தது. ஊசியில் நூல் கோத்தாள். ஊசி இடக்கையில், நூல் வலக்கையில். இதில் வேலை செய்கிற கை எது? அசையாமல் பிடித்திருப்பதா, நுழைப்பதா? சடையன் ஒரு யோசனை செய்தான். அவள் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் "புடி!" என்று ஒரு மாங்காயை வீசினான். அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாள்.

"நாசமாப் போச்சு" என்றான்.

அதைவிட மோசம், கவனிக்கத் தொடங்கிய பிறகு இரண்டு கையும் தடுமாறின. களி அடிப்பிடித்தது. புளி தட்டும்போது விரலைத் தட்டிக்கொண்டாள். சொந்தக் கைகளோடு அவற்றுக்குத் தெரியாமல் ஒளிந்து விளையாடுவதுபோல் இருந்தது அவளுக்கு.

வாரம் முடிந்த காலையில் ஊர் முழுதும் வரப்பில் நின்றது. பக்கத்து ஊரிலிருந்து வடிவின் அண்ணன் கருப்பனும் செய்தி கேட்டு வந்திருந்தான்.

கொல்லை முளைத்திருந்தது. ஆனால் பட்டை பட்டையாகத் தெரிந்தது. ஒரு பட்டையில் பயிர் எங்கள் எல்லோர் கொல்லையிலும் இருப்பதுபோல. காலடிப் பக்கம் நெருக்கம், ஓரத்தில் இடைவெளி, நடுவே அங்கங்கே சொட்டை. அடுத்த பட்டையில் தூறல் விழுந்த மாதிரி ஒரே சீர். ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் இடையே இருந்த இடம் எங்குமே மாறவில்லை. மறுபடி பழைய மாதிரி. மறுபடி சீர். ஒரு மாதம் போனால் பயிர் தூர் கட்டி இந்த வித்தியாசம் மூடிவிடும். அதனால்தான் களையெடுக்கும் நேரத்தில் இதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

"பாத்தீங்களா!" என்றான் கோபால்சாமி. "ஒண்ணு வுட்டு ஒண்ணு கை போன எடத்த அம்மா பிரிச்சுக் காட்டிட்டா! சொட்ட வுழுந்ததெல்லாம் பீச்சாங்கை."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சடையன் தலையைக் குனிந்தான். ரங்கசாமி மட்டும் திரும்பி, "அம்சவல்லி, நீ பாத்தப்ப அவ எந்த எடத்துல நின்னா?" என்றார்.

"ஓடையிலேருந்து ரெண்டாவது நடை. ஆமைப்பாறை ஓரமா."

"போய் நில்லு."

அம்சவல்லி வரப்பைச் சுற்றிப் போனாள். ஆமைப்பாறையை ஒட்டி நின்றாள். குனிந்து பார்த்தாள். நிமிரவில்லை.

அவள் காலடியில் இருந்தது சீரான பட்டை.

"நல்லாப் பாத்துச் சொல்லுமே!" என்று கத்தினான் கோபால்சாமி. "பக்கத்துப் பட்டையா இருக்கும்."

"பக்கத்துப் பட்ட கடைசிப் பட்ட. அத்த நம்ம எல்லாரு கண்ணு முன்னாலதான சோத்துக்கையால போட்டா?" என்றாள் அவள். "நான் பாத்தது இதுதான். வேற வேணும்னா நீயே சொல்லிக்கோ."

கடைசிப் பட்டை சொட்டை விழுந்திருந்தது. ரங்கசாமி மேற்கு ஓரத்துக்குப் போனார். வடிவு அங்கே வலக்கையால் தொடங்கியதை அவரே நின்று பார்த்திருந்தார். அந்த முதல் பட்டையும் சொட்டை. அங்கிருந்து ஒன்றுவிட்டு ஒன்று விரலால் காட்டிக்கொண்டே கிழக்கே வந்தார். பாதி வழியில் விரல் தாழ்ந்துவிட்டது. வலக்கை விதைத்தது எல்லோரும் விதைப்பது மாதிரி. இத்தனை வருஷமாக ஊர் கும்பிட்ட கைராசி, ஊர் கழுவ மட்டும் வைத்திருந்த கையில் இருந்திருக்கிறது.

வடிவு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். விதையைத் தொடக் கூடாது என்ற பயம் போய், வேறொன்று வந்துவிட்டது. "அப்ப இது யாரு கை?" என்று வலக்கையை நீட்டிக் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

கருப்பன் பக்கத்தில் வந்து குந்தினான். "உனக்குச் சின்னதுல அந்தக் கைதான் வடிவு."

"எந்தக் கைண்ணா?"

"நொட்டாங்கை. எல்லாத்துக்கும் அத்தத்தான் நீட்டுவே. அம்மா நார்க் கயித்தால உன் கைய முதுகோட சேத்துக் கட்டி வுட்டா. நாளைக்கு எவன் உன் கையால தண்ணி வாங்கிக் குடிப்பான்னு அவளுக்குப் பயம். சோத்துக்கை பழகுற வரைக்கும் அவுக்கல."

"எனக்கு நெனப்பே இல்லியே."

"எனக்குக் கீது. அவுத்த பொறவும் நீ அந்தக் கையத் தூக்கல. ரொம்ப நாளு முதுகுக்குப் பின்னாலயே வச்சிக்கினு நடந்தே."

வடிவு இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே வெளுத்த வளையமாக ஒரு தழும்பு. இறுகிப்போன காப்பால் வந்தது என்று செத்துப்போன அம்மா சொல்லியிருந்தாள். அவள் அதை அப்படியே நம்பியிருந்தாள். அந்தத் தழும்பின்மேல் வலக்கையை வைத்து மூடிக்கொண்டாள். அன்று அதை எடுக்கவேயில்லை.

ரங்கசாமி தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. முளைக்காவிட்டால் என்றுதான் சொல்லியிருந்தார், முளைத்துவிட்டது. ஆனால் பீச்சாங்கையை அம்மன் ஏற்றாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "களை எடுக்கற வரைக்கும் யாரும் இங்க வராதீங்க. போய் உங்க உங்க வெதைப்பைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் கோபால்சாமி விதைத்தான். ஊர் முழுதும் வரப்பில் நின்று அவன் கையைக் கவனித்தது. வடக்கே திரும்பிய நடையிலெல்லாம் விதை அவன் மீசையில் வந்து ஒட்டியது. விளைச்சலைக் குறை சொல்ல முடியாது, பாராட்டவும் ஒன்றுமில்லை. இதற்கிடையில் பெண்கள் ஒவ்வொருவராக வடிவைத் தேடி வந்தார்கள். முதலில் வந்தவள் அம்சவல்லி.

"எங்க மேட்டுக் கொல்லையில ஒரு கை போட்டுட்டுப் போடி."

"எந்தக் கையாலக்கா?"

"அத்த ஏன் என்கிட்ட கேக்கறே? நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

1980 ஆனியில் ரங்கசாமியே விதையை முறத்தில் எடுத்துக்கொண்டு சடையன் வீட்டுக்கு வந்தார். வடிவு வலக்கையால் வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். ஊர் வரப்பு வரை கூட வந்தது. ரங்கசாமி தொண்டையைச் செருமி, "எல்லாரும் அம்மனைப் பாத்துக் கும்புடுங்க" என்றார். கோயில் மேலே இருந்தது. கும்பிட்டால் கொல்லைக்கு முதுகு. கோபால்சாமிதான் முதலில் திரும்பினான். "என் மீச தப்பிச்சிது" என்றான்.

வடிவு வலக்கையால் தொடங்கித் தெற்கே நடந்தாள். முனையில் நின்றாள். இதுவரை இந்த இடத்தில் கை தானாக மாறியிருக்கிறது. இன்றைக்கு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் மாறவில்லை. வலக்கையை மடியிலிருந்து எடுத்தாள். தழும்பு விழுந்த கையை உள்ளே விட்டு அள்ளினாள். தெரிந்து அள்ளுவது அதுதான் முதல்முறை. விரல் சரியாக மூடாமல், விதை மொத்தமும் காலடியிலேயே கொட்டிவிட்டது.

விதை விழும் மெல்லிய சத்தம் நின்றதும் வரப்பில் அசைவு தெரிந்தது. யாரும் திரும்பவில்லை.

"இன்னா வடிவு?" என்றார் ரங்கசாமி, கோயிலைப் பார்த்தபடியே.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். "கை பழகுது."

குனிந்து, கொட்டிய விதையை அதே கையால் மண்ணிலிருந்து அள்ளிக்கொண்டு, வடக்கே நடந்தாள்.